ஒரே கோர்ட், இரண்டு கடன்!

கார்ல்ஸ்ரூ என்றொரு ஊர். ஜெர்மனியின் தென்மேற்கில், பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தலைநகர் பெர்லினிலிருந்து ரொம்ப தூரம். ஆனால், பெர்லினில் உட்கார்ந்து ஆட்சி நடத்துகிறவர்களுக்கு அந்த ஊர்ப் பேரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். காரணம், ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் அங்கேதான் இருக்கிறது.

2023 நவம்பர் 15. சிவப்பு அங்கி அணிந்த நீதிபதிகள் வரிசையாக வந்து நின்றார்கள். தீர்ப்பு வாசிக்கப்பட்டது. வாசித்து முடித்தபோது, ஜெர்மன் அரசாங்கத்தின் கணக்கிலிருந்து 6,000 கோடி யூரோ காணாமல் போயிருந்தது! அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு ஐந்து லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல்.

யாரும் திருடவில்லை. யாரும் ஸ்விஸ் பேங்க்கில் பதுக்கவில்லை. பருவநிலை மாற்றத்தைச் சமாளிப்பதற்காக ஒதுக்கி வைத்திருந்த தொகை அது. 'இந்த முறையில் கடன் வாங்கி ஒதுக்க உங்களுக்கு உரிமை இல்லை. செல்லாது, செல்லாது' என்று சொல்லிவிட்டார்கள் நீதிபதிகள். அவ்வளவுதான்.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? இரண்டரை வருஷத்துக்கு முன்னால், இதே கோர்ட்தான் அன்றைய ஜெர்மன் அரசாங்கத்தின் தலையில் வேறொரு குட்டு வைத்திருந்தது. 'பூமி சூடாவதைத் தடுக்க நீங்கள் போட்டிருக்கும் சட்டம் போதாது. நாளைய தலைமுறையின் தலையில் சுமையை ஏற்றுகிறீர்கள். ஒழுங்காகச் செய்யுங்கள்' என்று!

செய்யவில்லை என்று ஒரு குட்டு. செய்த விதம் சரியில்லை என்று இன்னொரு குட்டு.

நாட்டின் கடனைக் கட்டுப்படுத்துவதா, பூமியின் சூட்டைக் கட்டுப்படுத்துவதா? எது முதலில்? உலகம் முழுக்க எல்லா அரசியல்வாதிகளும் எதிர்கொள்கிற கேள்விதான். தேர்தல் மேடையில் பேசிவிட்டு, ஜெயித்த பிறகு மறந்துவிடுகிற கேள்வியும்கூட. ஆனால் ஜெர்மனியில் மட்டும் இந்தக் கேள்வி கோர்ட் படியேறியது, ஓர் ஆட்சியைக் கவிழ்ப்பதில் பங்கு வகித்தது, கடைசியில் அரசியல் சாசனத்தையே மாற்ற வைத்தது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

* * *

ஜெர்மன்காரர்களுக்குக் கடன் என்றாலே ஏன் இவ்வளவு பயம்?

முதல் காரணம், அவர்கள் மொழியிலேயே இருக்கிறது. ஜெர்மனில் 'ஷுல்ட்' என்றால் கடன். அதே 'ஷுல்ட்' என்றால் குற்றம் என்றும் அர்த்தம்! கடன்பட்டவன் பாதி குற்றவாளி என்று மொழியே முத்திரை குத்திவிடுகிறது.

இரண்டாவது காரணம், 1923.

முதல் உலகப் போருக்கான செலவை ஜெர்மனி பெரும்பாலும் கடன் வாங்கித்தான் சமாளித்தது. 'ஜெயித்த பிறகு தோற்றவன் தலையில் கட்டிவிடலாம்' என்பது கணக்கு. நடந்ததோ நேர் எதிர். தோற்றது ஜெர்மனி. இருந்த கடன் போதாதென்று, ஜெயித்த நாடுகளுக்கு நஷ்ட ஈடும் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒழுங்காகக் கட்டவில்லை என்று 1923 ஜனவரியில் பிரான்ஸும் பெல்ஜியமும் ராணுவத்தை அனுப்பி, நிலக்கரியும் இரும்பும் கொழிக்கும் ரூர் பகுதியைப் பிடித்துக்கொண்டன. அங்கிருந்த தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே? ஜெர்மன் அரசாங்கம் நோட்டு அடித்தது. அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது.

1914-ல் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு எவ்வளவு தெரியுமா? 4.2 லட்சம் கோடி மார்க்!

அச்சுப்பிழை இல்லை. லட்சம் கோடிதான். சம்பளத்தைக் காலையில் வாங்கினால், மத்தியானத்துக்குள் செலவழித்தாக வேண்டும். சாயங்காலம் அதன் மதிப்பு பாதியாகிவிடும். வாழ்நாள் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்து பேங்க்கில் போட்டிருந்த வாத்தியார்கள், குமாஸ்தாக்கள், பென்ஷன்காரர்கள்... அத்தனை பேரும் அம்போ! போர்க்காலத்தில் தேசபக்தியோடு அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் கையில் மிஞ்சியது வெறும் காகிதம்.

கடைசியில் 'ரென்டென்மார்க்' என்று புது நோட்டு வந்தது. பழைய ஒரு லட்சம் கோடி மார்க்குக்குப் புது மார்க் ஒன்று. பன்னிரண்டு ஜீரோக்களை ஒரே வெட்டாக வெட்டினார்கள். அது நடந்த தேதி, 1923 நவம்பர் 15.

தேதியைக் கவனித்தீர்களா? 6,000 கோடி யூரோவைக் கோர்ட் ரத்து செய்தது, சரியாக நூறாவது வருஷம், அதே நாளில்!

* * *

சரி, பயம் நியாயம்தான் என்று தோன்றுகிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதையில் ஜெர்மன்காரர்கள் அவ்வளவாக நினைவில் வைத்துக்கொள்ளாத ஓர் அத்தியாயம் இருக்கிறது.

'பணவீக்கத்தால்தான் ஹிட்லர் வந்தான்' என்று பலரும் சொல்வார்கள். வருஷத்தைச் சரிபாருங்கள். 1923 நவம்பரில் ம்யூனிக்கில் ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்க முயன்றது உண்மை. ஆனால் தோற்று, ஜெயிலுக்குப் போனார். 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தவை வெறும் 12 இடங்கள். அவர் சான்சலர் ஆனது 1933-ல். நடுவில் என்ன நடந்தது?

1930-ல் ஹைன்ரிஷ் ப்ரூனிங் என்பவர் சான்சலரானார். உலகப் பொருளாதாரமே மந்தத்தில் முங்கிக் கிடந்த நேரம். அவர் என்ன செய்தார்? செலவைக் குறை! சம்பளத்தை வெட்டு! வேலையில்லாதவர்களுக்குக் கொடுக்கும் உதவியை வெட்டு! வரியை ஏற்று! அவசரச் சட்டம் மேல் அவசரச் சட்டம். பட்ஜெட்டில் துண்டு விழக் கூடாது என்பதே குறி. 1932 தொடக்கத்தில் வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை 60 லட்சம். நாஜிகளின் இடங்கள்? 1930 செப்டம்பரில் 107. 1932 ஜூலையில் 230.

கடனுக்குப் பயந்து நோட்டு அடித்ததும் தப்பு. கடனுக்குப் பயந்து வயிற்றில் அடித்ததும் தப்பு. ஆனால் முதல் தப்பு மட்டும்தான் பாட்டி கதையாகப் பேரன் பேத்திகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கட்டுக்கட்டாக நோட்டைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போகும் காட்சி யாருக்கும் மறக்காது. பட்ஜெட்டை வெட்டுவது அப்படியொரு காட்சியாக மனசில் நிற்காதே!

இன்னொரு அத்தியாயமும் உண்டு. அது ஜெர்மனிக்கு ரொம்பவே இனிப்பானது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. மேற்கு ஜெர்மனி இடிபாடுகளுக்கு நடுவே எழுந்து நிற்கப் பார்க்கிறது. போருக்கு முன்னால் வாங்கியது, பின்னால் வாங்கியது என்று வெளிநாட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது. 1953 பிப்ரவரி 27-ம் தேதி லண்டனில் கடன் கொடுத்த நாடுகள் ஒன்றுகூடி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மட்டுமல்ல, அன்று சிலோன் என்று அழைக்கப்பட்ட இலங்கையும் அந்த வரிசையில் உண்டு. என்ன ஒப்பந்தம்? சுமார் 3,000 கோடி மார்க் கடனில் ஏறத்தாழப் பாதி தள்ளுபடி! மீதியையும் பல வருஷங்களில், ஏற்றுமதி செய்து சம்பாதித்து மெதுவாகக் கட்டினால் போதும்.

ஜெர்மனியின் 'பொருளாதார அதிசயம்' என்று புகழ்கிறோமே, அதன் அஸ்திவாரத்தில் இந்தத் தள்ளுபடிக்கும் பங்கு உண்டு.

இந்த 1953-ஐ ஓர் ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

* * *

இப்போது 2008-க்கு வருவோம். அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் சரிந்து, உலகமே ஆட்டம் கண்ட சமயம். சான்சலர் ஏங்கலா மெர்கல், அந்த டிசம்பரில் ஷ்டுட்கார்ட் நகரில் நடந்த கட்சி மாநாட்டில் பேசினார். அந்த ஊர் இருக்கும் ஸ்வேபியா வட்டாரத்துக் குடும்பத் தலைவிகள் சிக்கனத்துக்குப் பேர்போனவர்கள். 'அவர்களில் ஒருவரைக் கேட்டிருந்தால் போதுமே. வரவுக்கு மேல் ரொம்ப நாள் வாழ முடியாது என்று சொல்லியிருப்பாரே' என்பது மெர்கல் பேச்சின் சாரம். நம் ஊரில் 'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்போமே, அதேதான். கைத்தட்டல் அள்ளியது.

அடுத்த வருஷமே, 2009-ல், அந்தக் குடும்பத் தலைவியின் புத்தியை அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். பெயர், 'கடன் பிரேக்'. பொருளாதார ஏற்ற இறக்கத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுத்துவிட்டுப் பார்த்தால், நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒவ்வொரு 100 யூரோவுக்கும் வருஷத்துக்கு 35 சென்ட்டுக்கு மேல் மத்திய அரசு புதுக்கடன் வாங்கக் கூடாது. மாநிலங்கள்? 2020 முதல் ஒரு பைசா கூடாது! பெரிய ஆபத்து, இயற்கைப் பேரழிவு போன்ற நெருக்கடி வந்தால் மட்டும் பார்லிமென்ட் பிரேக்கிலிருந்து காலை எடுக்கலாம்.

2014 முதல் 2019 வரை புதுக்கடனே வாங்காமல் பட்ஜெட் போட்டார்கள். 'கறுப்பு ஜீரோ' என்று அதற்குச் செல்லப் பெயர். நிதி அமைச்சர் வுல்ஃப்காங் ஷாய்ப்ளே 2017-ல் பதவியை விட்டுப் போனபோது, அமைச்சக ஊழியர்கள் கறுப்பு உடை போட்டுக்கொண்டு முற்றத்தில் பெரிய ஜீரோ வடிவத்தில் நின்று அவருக்கு விடை கொடுத்தார்கள்!

நான் படித்தது பி.காம். அங்கே முதல் வருஷமே சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. தேய்மானம். மிஷின் வாங்கிப் போட்டுவிட்டு, வருஷா வருஷம் அதன் தேய்மானத்தைக் கணக்கில் எழுதாமல் விட்டால் லாபம் கூடுதலாகத் தெரியும். ஆனால் ஒருநாள் மிஷின் படுத்துவிடும். அன்றைக்குத்தான் அத்தனை வருஷ லாபமும் பொய் என்று புரியும்.

ஜெர்மனியில் அதுதான் நடந்தது. லூடன்ஷைட் என்ற ஊருக்குப் பக்கத்தில், பெரிய நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றை 2021 டிசம்பரில் 'இனி தாங்காது' என்று மூடினார்கள். 2023 மே மாதம் வெடி வைத்தே தகர்த்தார்கள். நேரம் தவறாமைக்குப் பேர்போன ஜெர்மன் ரயில்கள், தாமதத்துக்குப் பேர்போனவையாக மாறின. கடன் வாங்காததால் கடன் இல்லாமல் போய்விடவில்லை. பேலன்ஸ் ஷீட்டில் தெரியாத இடத்துக்கு மாறிப் போனது, அவ்வளவுதான்.

அப்படித் தெரியாத கடன்களிலேயே பெரியது, தலைக்கு மேல் இருந்தது. ஆகாயத்தில்.

* * *

ஜெர்மனியின் வட கடலில் பெல்வோர்ம் என்றொரு குட்டித் தீவு. கரை கட்டித்தான் கடலைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். கடல் மட்டம் உயர்ந்தால் தீவின் கதி என்ன? அங்கே விவசாயம் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள் உள்பட இளைஞர்கள் பலர், 2019-ல் வந்த பருவநிலைச் சட்டத்தை எதிர்த்து கார்ல்ஸ்ரூ கோர்ட்டுக்குப் போனார்கள். வங்காள தேசம், நேபாளத்தைச் சேர்ந்தவர்களும் வழக்குப் போட்டவர்களில் இருந்தார்கள்.

2021 மார்ச் 24 தேதியிட்ட தீர்ப்பு, ஏப்ரல் கடைசியில் வெளியானது. படித்துப் பார்த்தால், நீதிபதிகள் எழுதியதா ஆடிட்டர் எழுதியதா என்று சந்தேகம் வரும்!

ஜெர்மனி இனிமேல் காற்றில் விடக்கூடிய கரியமில வாயுவுக்கு ஒரு மொத்த அளவு இருக்கிறது என்று நிபுணர் குழு ஒன்று மதிப்பிட்டிருந்தது. 2020-லிருந்து கணக்குப் பார்த்தால் 670 கோடி டன். இதைத்தான் கோர்ட் கையில் எடுத்துக்கொண்டது. 'நீங்கள் போட்டிருக்கும் சட்டப்படி போனால், 2030-க்குள்ளேயே இதில் பெரும்பகுதி காலி. மிச்சம் நூறு கோடி டன்கூட இருக்காது. அதற்குப் பிறகு வாழ வேண்டியவர்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் சுதந்திரத்தை இன்றைக்கே நீங்கள் செலவழிக்கிறீர்கள்' என்கிற ரீதியில் போனது வாதம். சட்டத்தின் ஒரு பகுதி அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பாகியது. 'உலகம் முழுக்கப் புகை விடும்போது நாங்கள் மட்டும் குறைத்து என்ன ஆகப்போகிறது?' என்ற வழக்கமான சமாதானத்தையும் கோர்ட் ஏற்கவில்லை. அடுத்தவனைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது என்றது.

அரசு அடித்துப் பிடித்துச் சட்டத்தைத் திருத்தியது. கரியமில வாயுக் கணக்கை நேர் செய்ய 2050 என்றிருந்த கெடு 2045 ஆனது.

அதே வருஷம் ஜூலை 14. பகலெல்லாம் கொட்டிய மழையில், மேற்கு ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளம் புகுந்தது. திராட்சைத் தோட்டங்களும் ஒயின் விடுதிகளுமாக, சுற்றுலாப் பயணிகளுக்குப் பிடித்தமான இடம். சாதாரண நாளில் குழந்தைகள் கால் நனைத்து விளையாடும் ஆறு. அந்த ஒரு ராத்திரியில் பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜெர்மனி முழுக்க 180-க்கும் மேல். சின்சிக் என்ற ஊரில் மாற்றுத்திறனாளிகள் இல்லம் ஒன்றில், தரைத்தளத்தில் இருந்த 12 பேர் தப்பிக்க முடியாமல் நீரில் மூழ்கினார்கள்.

பூமி சூடானதால்தான் இந்த மழை என்று ஒற்றை வரியில் சொல்லிவிட முடியாது. ஆனால், இப்படிப்பட்ட மழைக்கான வாய்ப்பு 1.2 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை அதிகரித்திருக்கிறது என்று சர்வதேச விஞ்ஞானிகள் குழு ஒன்று கணக்கிட்டது. சீரமைப்புக்காக அரசு ஒதுக்கிய நிதி 3,000 கோடி யூரோ வரை.

பில் வந்துவிட்டது. ஆகாயத்தில் வாங்கிய கடனுக்கான வட்டியில் ஒரு சின்னத் தவணை.

* * *

2021 டிசம்பரில் புது ஆட்சி. மூன்று கட்சிக் கூட்டணி. கட்சிகளின் நிறத்தை வைத்து 'டிராஃபிக் லைட்' என்று பெயர். சான்சலர் ஓலாஃப் ஷோல்ட்ஸ், சோஷலிஸ்ட் - சிவப்பு. பருவநிலைத் துறை ராபர்ட் ஹாபெக் கையில் - பச்சை. நிதித்துறை கிறிஸ்டியான் லின்ட்னர் கையில் - மஞ்சள். பச்சைக்காரர் செலவழிக்க வேண்டும் என்கிறார். மஞ்சள்காரர் வரியையும் ஏற்றக் கூடாது, கடன் பிரேக்கையும் தொடக் கூடாது என்கிறார். பிறகு பணம் எங்கிருந்து வரும்? வானத்திலிருந்தா?

வந்தது, கொரோனாவிலிருந்து!

கொரோனா நெருக்கடிக்காக பார்லிமென்ட் பிரேக்கிலிருந்து காலை எடுத்திருந்தது அல்லவா? அப்போது வாங்கிய கடன் அனுமதியில் 6,000 கோடி யூரோ செலவாகாமல் மிச்சம் இருந்தது. அதை அப்படியே பருவநிலை நிதிக்கு மாற்றிவிட்டார்கள். அதுவும் எப்போது? 2021-ம் வருஷத்துக் கணக்கை, வருஷம் முடிந்த பிறகு, 2022 ஜனவரியில் திருத்தி! மூன்று கட்சிக்கும் சந்தோஷம். பச்சைக்குப் பணம் கிடைத்தது. மஞ்சளுக்கு பிரேக் அப்படியே இருந்தது. சிவப்புக்கு நாற்காலி கிடைத்தது.

பைக் வாங்கக் கேட்டால் அப்பா தரமாட்டார் என்று, ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுத்த பணத்தில் மிச்சம் பிடித்து முன்பணம் கட்டுவதுபோல. பைக் அவசியமாகவே இருக்கலாம். ஆனால் அப்பா கேட்கத்தானே செய்வார்?

எதிர்க்கட்சியான கிறிஸ்தவ ஜனநாயகக் கூட்டணியின் 197 எம்.பி-க்கள் வழக்குப் போட்டார்கள். முடிவு உங்களுக்குத் தெரியும். நெருக்கடிக்காக வாங்கிய அனுமதியை, அந்த நெருக்கடியோடு சம்பந்தம் காட்டாமல் வேறு செலவுக்குத் திருப்ப முடியாது. ஒரு வருஷத்து அனுமதியை அடுத்தடுத்த வருஷங்களுக்குச் சேமித்து வைக்க முடியாது. முடிந்துபோன வருஷத்துக்கு பட்ஜெட் போடவும் முடியாது. மூன்று காரணம், மூன்றும் நெத்தியடி. பருவநிலைக்குச் செலவழிக்காதே என்று கோர்ட் சொல்லவில்லை. கணக்கில் கண்கட்டு வித்தை காட்டாதே என்றுதான் சொன்னது.

விளைவு? ஒரே மாதத்தில் மின்சாரக் காருக்கான மானியம் நிறுத்தம். சனிக்கிழமை அறிவித்தார்கள், ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது! விவசாயிகளின் டீசல் சலுகையில் கை வைத்தார்கள். டிராக்டர்கள் பெர்லினுக்குள் புகுந்து பிராண்டன்பர்க் கேட் முன்னால் வரிசை கட்டி நின்றன. பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் கார்பன் கட்டணம் வசூலித்து, அதை மக்களுக்கே திருப்பித் தருவதற்கு ஏற்பாடு செய்வோம் என்று கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். கட்டணம் மட்டும் டன்னுக்கு 30 யூரோவிலிருந்து 45 யூரோவுக்கு ஏறியது. திருப்பித் தருவது வரவே இல்லை. சாமானியனுக்குப் பருவநிலை என்றாலே எரிச்சல் வந்ததில் ஆச்சரியம் என்ன?

மூன்று கட்சிக்கும் நடுவில் பணத் தகராறு ஒரு வருஷம் இழுத்தது. 2024 நவம்பர் 6-ம் தேதி ராத்திரி, ஷோல்ட்ஸ் தன் நிதி அமைச்சர் லின்ட்னரை டிஸ்மிஸ் செய்தார். டிராஃபிக் லைட் அணைந்தது.

* * *

2025 பிப்ரவரியில் தேர்தல். ஜெயித்தவர் ஃப்ரீட்ரிஷ் மெர்ட்ஸ். வழக்குப் போட்ட எதிர்க்கட்சியின் தலைவர் அவர்தான். கடன் பிரேக்கின் காவலராகத்தான் பிரசாரம் செய்தார்.

தேர்தல் முடிந்து ஐந்தாவது நாள், பிப்ரவரி 28-ம் தேதி, வெள்ளை மாளிகையில் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியை கேமராக்களுக்கு முன்னால் டிரம்ப் வறுத்தெடுத்தார். 'இனி அமெரிக்காவை நம்பி இருக்க முடியாது' என்று ஐரோப்பாவுக்கு உறைத்தது. அடுத்த சில நாட்களில் மெர்ட்ஸ் அடித்தார் பாருங்கள் ஒரு குட்டிக்கரணம்! புது பார்லிமென்ட் கூடினால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காது என்று, கலையப்போகும் பழைய பார்லிமென்ட்டையே கூட்டி, மார்ச் 18-ம் தேதி அரசியல் சாசனத்தைத் திருத்தினார். ஆதரவு 513, எதிர்ப்பு 207.

என்ன திருத்தம்? மொத்த உற்பத்தியில் ஒரு சதவிகிதத்துக்கு மேல் போகிற பாதுகாப்புச் செலவுக்குக் கடன் பிரேக் கிடையாது. உச்சவரம்பும் இல்லை. பாலம், ரயில் போன்றவற்றுக்குப் பன்னிரண்டு வருஷத்தில் 50,000 கோடி யூரோ. பச்சைக் கட்சியின் ஓட்டு வேண்டுமே? அதனால் அதில் 10,000 கோடி பருவநிலை நிதிக்கு. 2045 கெடுவும் அந்தப் பிரிவில் எழுதப்பட்டது.

கோர்ட் ரத்து செய்தது 6,000 கோடி. முறைப்படி கேட்டபோது கிடைத்தது 10,000 கோடி!

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. பீரங்கிக்கு அளவே இல்லாத கடன். பூமிக்கு அளந்து ஊற்றிய கடன். அதுவும் பேரம் பேசி வாங்கியது. பதினாறு வருஷமாக 'தொடவே கூடாது' என்று பாதுகாத்த பிரேக்கைத் தளர்த்தியது, வெள்ளமா? இல்லை. பயம். பக்கத்தில் தெரிகிற எதிரி மேல் வந்த பயம். 1923-க்கு ஞாபகம் இருக்கிறது. ரஷ்யாவுக்கு முகம் இருக்கிறது. கரியமில வாயுவுக்கு இரண்டும் இல்லை.

* * *

இப்போது ஓரமாக எழுதி வைத்த 1953-ஐ எடுங்கள்.

கடன் பிரேக் ஆட்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2021-ல் ஜெர்மன் மத்திய அரசு கட்டிய வட்டி சுமார் 400 கோடி யூரோ. வட்டி விகிதம் ஏறியதும், 2023-ல் அது 3,500 கோடியைத் தாண்டியது. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடமும் கட்ட முடியாது, சோலார் பலகையும் வாங்க முடியாது. 'பருவநிலைக்காக' என்று சொல்லி எந்தச் செலவையும் நியாயப்படுத்தும் அரசியல்வாதியை நம்பவும் முடியாது. எல்லாம் நிஜம்தான்.

ஆனாலும் இரண்டு கடனும் ஒரே ஜாதி இல்லை. நாட்டுக் கடனுக்கு எதிரே ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் பேசலாம், தவணை கேட்கலாம், பாதியைத் தள்ளுபடி செய்யச் சொல்லலாம். அப்படித் தள்ளுபடி வாங்கித் தலைநிமிர்ந்த நாடுதான் ஜெர்மனி. ஆகாயக் கடனுக்கு எதிரே யாரும் இல்லை. 1958-ல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது, காற்றில் பத்து லட்சத்துக்கு சுமார் 315 பங்கு இருந்த கரியமில வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. போட்டதில் கணிசமான பகுதி நூற்றுக்கணக்கான வருஷங்கள் அங்கேயே இருக்கும். அதை ரத்து செய்ய எந்த லண்டன் மாநாட்டாலும் முடியாது.

அதனால் என்னைக் கேட்டால், எந்தக் கடனை முதலில் கவனிப்பது என்பதற்கு பதில் சுலபம். திருப்பிப் பேச வாய்ப்பே இல்லாத கடனைத்தான். கஷ்டமான கேள்வி வேறு. அதற்கான பணத்தை எப்படிக் கேட்பது? நேரடியாக, ஜனங்களின் முகத்தைப் பார்த்து, இவ்வளவு செலவாகும், இவ்வளவு கடன், இன்னார் கட்ட வேண்டும், வசூலித்தால் இப்படித் திருப்பித் தருவோம் என்று சொல்லிக் கேட்க வேண்டும். டிராஃபிக் லைட் கூட்டணி அதற்குத் தயங்கிக் கணக்குப் புத்தகத்தில் குறுக்கு வழி தேடியது. போனது 6,000 கோடி மட்டுமல்ல, நம்பிக்கையும்தான். பணத்தை அடுத்த பட்ஜெட்டில் பிடித்துவிடலாம். நம்பிக்கையை?

ஸ்வேபியாவின் அந்தக் குடும்பத் தலைவியிடம் மெர்கல் பாதிக் கேள்விதான் கேட்டார். 'அம்மா, வரவுக்கு மேல் செலவு செய்யலாமா?' என்று கேட்டால், கூடாது என்றுதான் சொல்வார். 'அம்மா, கூரை ஒழுகுகிறது, பிள்ளைகள் நனைகிறார்கள், கையில் காசில்லை, என்ன செய்யலாம்?' என்று கேட்டுப் பார்த்திருக்கலாம். கடன் வாங்கியாவது கூரையை மாற்று என்றுதான் எந்த ஊர் அம்மாவும் சொல்வார். கூடவே, 'எவ்வளவு வாங்கினாய் என்று என்னிடம் மறைக்காதே' என்றும் சொல்வார்.

ஜெர்மனில் கடன் என்றால் குற்றம் என்று பார்த்தோம். தமிழில் என்ன? நன்றிக்கடன், நேர்த்திக்கடன், பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டிய கடன்... நமக்கு அந்த வார்த்தைக்குக் கடமை என்றும் பொருள்.

அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர் 'கடனைக் குறைப்போம்' என்று மைக் பிடித்தால், எந்தக் கடனை என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்!